‘குட்’ எண்டா பிடிச்சதோ, விட்டதோ?

வாசகர் கேள்வி, ரீச்சர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரிச்சுப் பாத்தா அரைவாசிக்கு மேல ஒரே கரைச்சல்தான், இங்கிலீசில 'குட்' (could), 'குட் ஹாவ்' (could have), 'வோஸ் ஏபிள் ரு' (was able to) எதை எங்க போடுறது எண்டு. எல்லாரும் பேசி வைச்சு எழுதினவையோ தெரியேல்லை. அதால மற்றக் கேள்வியளை அடுத்த முறைக்குத் தள்ளிப்போட்டு இதை மட்டும் பாப்பம்.

கேள்வி: ரீச்சர், நான் ஐ.ஈ.எல்.ரி.எஸ் இங்கிலீசுப் பரீட்சைக்குப் படிக்கிறன். "யெஸ்ரடே ஐ குட் காட்ச் த பஸ்" எண்டு எழுதினனான், ரியூசன் சேர் சிவப்புப் பேனையால வெட்டிப்போட்டார். கீழ இன்னொரு கட்டுரையில "யெஸ்ரடே ஐ குடின்ற் காட்ச் த பஸ்" எண்டு எழுதினதுக்குச் சரி போட்டிருக்கிறார். பஸ்ஸைப் பிடிச்சா பிழை, விட்டா சரியோ? கேட்டா "அது அப்பிடித்தான் பிள்ளை" எண்டுறார்.
- வாசகி, சுன்னாகம்

பதில்: சேரைக் குறை சொல்ல மாட்டன், நானும் கன வருசம் வகுப்பில அப்பிடித்தான் சொல்லிச் சமாளிச்சனான், நாப்பது பிள்ளையள் இருக்கிற வகுப்பு, மணி அடிக்க அஞ்சு நிமிசம் கிடக்கு, வேற என்னத்தைச் சொல்லுறது. ஆனா காரணம் இருக்கு பிள்ளை, அதுவும் எங்கட வாய்க்குள்ளயே கிடக்கு.

நாங்கள் "எனக்கு நீந்தத் தெரியும்" எண்டு சொல்லுறம். "அவருக்குச் சைக்கிள் ஓடத் தெரியும்", "அவவுக்கு இடியப்பம் புழியத் தெரியும்". ஒரு வித்தை கையில இருக்கு எண்டு சொல்லுறதுக்கு 'தெரியும்' எண்ட சொல்லைப் போடுறம் பாருங்கோ, இங்கிலீசில 'கான்' எண்டதும் அடியில அதுதான். பழைய இங்கிலீசில அந்தச் சொல்லுக்கு 'அறிஞ்சிருக்கிறது' எண்டுதான் கருத்து, பிறகுதான் 'ஏலும்' எண்டு மாறினது. 'குட்' அதின்ர இறந்தகாலம். அப்ப "வென் ஐ வோஸ் சிக்ஸ், ஐ குட் சுவிம்" எண்டா ஆறு வயசிலயே எனக்கு நீந்தத் தெரியும் எண்டு அர்த்தம். எந்த நாள் நீந்தினது, எந்தக் கேணியில நீந்தினது எண்டெல்லாம் அந்த வசனம் சொல்லேல்லை, வித்தை இருந்தது, அவ்வளவுதான்.

இப்ப உங்கட வசனத்தை எடுங்கோ. "நேற்று எனக்கு பஸ் பிடிக்கத் தெரியும்." சிரிப்பு வருதெல்லே? இங்கிலீசு தாய்மொழியாக் கதைக்கிற ஆக்களின்ர காதில உங்கட 'குட் காட்ச்' கிட்டத்தட்ட அப்பிடித்தான் விழும். ஒரு நாள், ஒரு தரம், ஒரு காரியம் நடந்து முடிஞ்சுது எண்டா அங்க 'வோஸ் ஏபிள் ரு' வரவேணும், கஷ்டப்பட்டு ஒரு மாதிரி வெட்டி ஓடிப் பிடிச்சதெண்டா 'மனேஜ்ட் ரு' இன்னும் நல்லம். நாங்களும் அதுக்குத் 'தெரியும்' எண்டு போடுறேல்லையே, "நேற்று பஸ்ஸைப் பிடிக்கக்கூடியதா இருந்தது" எண்டெல்லோ சொல்லுவம்.

ஒரு பெரிய உதாரணம் சொல்லுறன், வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன். அவருக்கு நீச்சல் தெரியும், எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்: "ஹி குட் சுவிம் லோங் டிஸ்ரன்ஸஸ்." இது ஆளின்ர திறமை. 1971 இல பாக்கு நீரிணையை இஞ்ச இருந்து இந்தியாவுக்கு, அங்க இருந்து திரும்ப இஞ்ச எண்டு 51 மணித்தியாலத்தில நீந்தி முடிச்சவர். இது ஒரு தரம் நடந்து முடிஞ்ச சாதனை, அதால "இன் 1971 ஹி வோஸ் ஏபிள் ரு சுவிம் தெயர் அண்ட் பாக்." இந்த இடத்தில 'ஹி குட் சுவிம் தெயர் அண்ட் பாக்' எண்டு எழுதினா அவருக்கு அந்தத் தெம்பு இருந்தது எண்டுதான் நிக்கும், கரைக்கு வந்து சேர்ந்தாரோ எண்டது தொங்கும். 1984 இல ஆங்கிலக் கால்வாயை நீந்த வெளிக்கிட்டவர், அது ஏலேல்லை, அந்த முயற்சியிலயே உயிர் போச்சு. அதை "ஹி குடின்ற் கிறொஸ் இற்" எண்டும் சொல்லலாம், "ஹி வோஸ் நொற் ஏபிள் ரு கிறொஸ் இற்" எண்டும் சொல்லலாம், ரெண்டும் சரி.

அங்கதான் உங்கட ரெண்டாவது வசனத்துக்கு விடை. நடந்ததோ நடக்கேல்லையோ எண்ட சந்தேகம் 'குட்' இலதான் வரும். 'குடின்ற்' எண்டு சொன்ன உடன சந்தேகம் போயிடும், ஏலேல்லை எண்டா நடக்கேல்லை, கதை முடிஞ்சுது. அதால இல்லை எண்டு சொல்லுற வசனத்தில 'குடின்ற்' எங்க போட்டாலும் பிழைக்காது, பஸ்ஸை விட்டவருக்கு இங்கிலீசு சுகம்.

இன்னொண்டு, காதால கேக்கிறது, கண்ணால காணுறது, மணக்கிறது, விளங்குறது, ஞாபகம் வாறது, இதுகளுக்கு மட்டும் ஒரே ஒரு தரம் நடந்தாலும் 'குட்' போடலாம். தொண்ணூறுகளில கரண்ட் இல்லாமக் கிடந்த காலத்தில சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைச் சுத்தி டைனமோவில றேடியோ கேட்ட சனம் நாங்கள். "வீ குட் ஹியர் த நியூஸ்" எண்டு சொல்லலாம், ஒவ்வொரு நாளும் கேட்டதெண்டாலும் சரி, அண்டைக்கு ஒரு இரவு மட்டும் கேட்டதெண்டாலும் சரி. ஆனா அந்த டைனமோவைத் திருத்தினதைச் சொல்லேக்க "அண்ணா குட் றிப்பெயர் இற்" எண்டு எழுதாதேங்கோ, "மனேஜ்ட் ரு றிப்பெயர் இற்." சுத்தினவருக்குக் கை உளைஞ்ச கதை தனிக் கதை.

கடைசியா ஒரு புத்திமதி, சேர் கோவிச்சாலும் பரவாயில்லை. "ஐ கோட் த பஸ்" எண்டு எழுதிப்போட்டு அங்கால போங்கோ. பிடிச்சது பிடிச்சதுதானே. எங்கட பிள்ளையள் சும்மா நேரா நிக்கிற வசனத்துக்குக் கொட்டன் ஊண்டிக் குடுத்துத்தான் விழுத்துறவை.

கேள்வி: வெளிநாட்டில இருக்கிற மகன் போனில தன்ர பிள்ளையளோட இங்கிலீசில கதைக்கேக்க "ஐ குட் ஹாவ் கோன் ரு கம்பஸ்" எண்டு சொன்னவன். அவன் கம்பசுக்கு, அதுதான் பல்கலைக்கழகத்துக்கு, போகேல்லை ரீச்சர், எங்களுக்குத் தெரியாதே? பேரப்பிள்ளையளுக்குப் பொய் சொல்லுறானோ எண்டு யோசிச்சுப்போட்டன், கேக்கவும் வெக்கமாக் கிடக்கு.
- ஒரு தகப்பன், கரவெட்டி

பதில்: ஐயா, மகன் பொய் சொல்லேல்லை, நிம்மதியா இருங்கோ. "நானும் கம்பசுக்குப் போயிருக்கலாம்" எண்டுதான் சொல்லியிருக்கிறார். வழி இருந்தது, போகேல்லை. 'குட் ஹாவ்' எண்டு ஒருத்தர் தன்னைப் பற்றிச் சொன்னா அதுக்குள்ள "ஆனா செய்யேல்லை" எண்டது சொல்லாமலே ஒளிச்சுக்கொண்டு நிக்கும்.

உங்களுக்கு ஏன் தடுமாறினது எண்டும் விளங்குது. 'குட்' ஒரு தரம் காதில விழுந்தா ஏலும் எண்டு கேக்கும், பின்னால 'கோன்' எண்டு வந்தா போனது எண்டு கேக்கும், ரெண்டையும் கூட்டினா "போக ஏலுமாப் போச்சு, போனவன்" எண்டு கணக்கு வரும். இங்கிலீசில அந்தக் கூட்டல் கழித்தலாத்தான் வருது.

ஆனா எங்கட 'போயிருக்கலாம்' சும்மா லேசுப்பட்ட சொல்லில்லை ஐயா, அது மூண்டு வேலை பாக்குது. "நான் போயிருக்கலாம்" எண்டா போகேல்லை, கவலை. "தம்பி எங்க?" எண்டு கேக்க "கடைக்குப் போயிருக்கலாம்" எண்டா அது ஊகம், போனாலும் போயிருப்பான். "ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம்" எண்டு அம்மா சொன்னா அது கோபம். இங்கிலீசிலயும் 'குட் ஹாவ்' இந்த மூண்டையும் தூக்கும், இது ஒரு அதிசயம்தான், ரெண்டு மொழிக்கும் ஒரு சொந்தமும் இல்லை. "ஐ குட் ஹாவ் கோன்" - தவறவிட்டது. "ஹி குட் ஹாவ் கோன் ரு த ஷொப்" - ஊகம், இங்க 'மே ஹாவ்', 'மைற் ஹாவ்' எண்டும் போடலாம். "யூ குட் ஹாவ் ரோல்ட் மீ!" - அம்மாவின்ர கோபம், அச்சொட்டா அதே தொனி. எது எண்டு கண்டுபிடிக்கிறது ஆளையும் குரலையும் வைச்சுத்தான். தன்னைப் பற்றிச் சொன்னா அனேகமா ஊகமா இருக்காது, ஏன் எண்டா தான் போனதோ இல்லையோ எண்டு அவரவருக்குத் தெரியும்தானே.

'ஷுட் ஹாவ்' வேற. அது "போயிருக்க வேணும்". 'குட் ஹாவ்' எண்டா கதவு திறந்து கிடந்தது, 'ஷுட் ஹாவ்' எண்டா கடமை, போகாதது பிழை. மகன் 'குட்' எண்டுதான் சொல்லியிருக்கிறார், 'ஷுட்' எண்டு சொல்லேல்லை, அதையும் கவனியுங்கோ ஐயா. அவருக்குக் குற்றவுணர்ச்சி இல்லை, ஒரு சின்னப் பெருமூச்சுத்தான்.

கேள்வி: "வுட் ஹாவ் பீன் ஏபிள் ரு" எண்டு ஒரு நீட்டுச் சாமான் புத்தகத்தில கிடக்குது. இது தேவையோ?
- வாசகர், கோப்பாய்

பதில்: பாடமாக்கி வைச்சுக்கொள்ளுங்கோ, பாவிக்காதேங்கோ. 1990 இல நிண்டுபோன யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்கு வந்தது 2014 ஒக்ரோபரில. அந்த இருபத்திநாலு வருசத்தை நினைச்சு "ரெயின் ஓடியிருந்தா வந்திருக்கலாம்" எண்டு சொல்லுறதெண்டா "இஃப் த ரெயின் ஹாட் பீன் றன்னிங், வீ குட் ஹாவ் கம் பை ரெயின்." 'வீ வுட் ஹாவ் பீன் ஏபிள் ரு கம்' எண்டாலும் அதே கருத்துத்தான், ஆனா அதைச் சொல்லி முடிக்க முதல் ரெயின் கிளிநொச்சி தாண்டியிடும். ஒரு இடத்தில மட்டும் நீட்டுறது நல்லம், 'குட் ஹாவ்' போட்டா ஊகமோ எண்டு குழம்பக்கூடிய இடத்தில.

கேள்வி: அன்பின் ரீச்சர், விசாவுக்குக் கடிதம் எழுதேக்க அப்பா காசு கட்டினதைச் சொல்ல "மை ஃபாதர் குட் பே த ஃபீஸ்" எண்டு எழுதலாமோ?
- வாசகி, மானிப்பாய்

பதில்: எழுதவே எழுதாதேங்கோ! இதில எனக்கு நல்ல அனுபவம் இருக்கு. என்ர தம்பியின்ர மகள் ஒரு வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பிச்சவ, கடிதத்தை நான்தான் பாத்துக் குடுத்தனான், அவசரத்தில கண்ணாடியும் போடாமப் பாத்தனான், இதே வசனம் அதுக்குள்ள கிடந்தது. அங்க இருந்து திருப்பிக் கேட்டு எழுதினவை, காசு கட்டியாச்சுதோ இல்லாட்டி கட்டக்கூடிய வசதி இருக்கெண்டு சொல்லுறியளோ எண்டு. ரசீது ஏற்கனவே கடிதத்தோட குத்திக் கிடக்கு! ஆனா வசனம் அப்பிடி நிக்குது, அவையில பிழை இல்லை. ரெண்டு கிழமை போச்சு, தம்பி இப்பவும் கலியாண வீடுகளில ஆக்களுக்கு முன்னால இதைச் சொல்லிக் காட்டுறவன்.

விசயம் என்னெண்டா 'குட்' இறந்தகாலத்துக்கு மட்டும் சொந்தமில்லை. "ஐ குட் ஹெல்ப் யூ" எண்டா "வேணுமெண்டா உதவி செய்யலாம்" எண்டு இண்டைக்கு, நாளைக்குச் சொல்லுறது. கடிதத்தில திகதி தெளிவா இல்லாட்டி வாசிக்கிற ஆள் அந்தப் பக்கம் போயிடுவார், 'குட் பே' எண்டு கண்டவுடன அங்கால ஒரு 'இஃப்' வருமோ எண்டு பாப்பார். கட்டினதெண்டா 'பெய்ட்', திகதியைப் போடுங்கோ, தொகையைப் போடுங்கோ, விடுங்கோ. வசதி இருக்கு எண்டு சொல்லுறதெண்டா 'இஸ் ஏபிள் ரு பே' அல்லது 'கான் பே'.

கேள்வி: முரளிதரனைப் பற்றிப் பாடசாலைச் சஞ்சிகைக்கு இங்கிலீசில எழுதுறன். "முரளி குட் ரேக் 800 விக்கெற்ஸ்" சரியோ மிஸ்?
- மாணவன், நெல்லியடி

பதில்: தம்பி, 800 விக்கெற் எடுத்து முடிச்ச மனிசனை "எடுக்கக்கூடிய ஆள்" எண்டு எழுதினா அவருக்கு எவ்வளவு மனவருத்தம்! இப்பிடிப் பிரியுங்கோ. எந்தப் பிச்சிலயும் பந்தைத் திருப்புவார், அது அவற்ற கை: "ஹி குட் ரேர்ன் த போல் ஒன் எனி பிச்." 2010 யூலையில காலியில, தன்ர கடைசி ரெஸ்ற் மட்சில, தான் போட்ட கடைசிப் பந்தில எண்ணூறாவது விக்கெற், அது அண்டைக்கு நடந்தது: "ஹி வோஸ் ஏபிள் ரு ரேக் ஹிஸ் 800த் விக்கெற்." இல்லாட்டி சும்மா 'ஹி ருக்'. அந்தக் கடைசி விக்கெற் அவருக்கு விழாமப் போயிருந்தா 799 ஓட நிண்டிருப்பார், அப்ப நாங்கள் எல்லாரும் இப்பவும் "ஹி குட் ஹாவ் ரேக்கன் 800" எண்டு புலம்பிக்கொண்டு இருந்திருப்பம்.

1996 லாகூர் உலகக் கிண்ண ஃபைனலும் எழுதுறீர் எண்டா அதுக்கும் இதே கணக்குத்தான், அவுஸ்திரேலியா 241 அடிச்சது, நாங்கள் ஏழு விக்கெற்றால வெண்டது, "சிறீலங்கா வேர் ஏபிள் ரு சேஸ் இற்." வெண்ட மட்சுக்கு 'குட்' வேண்டாம்.

கேள்வி: 'குட்' இல ஒரு 'எல்' எழுத்து கிடக்குது, வாசிக்கிறேல்லை. ஏன் போட்டவை?
- வாசகர், சாவகச்சேரி

பதில்: பாத்தெழுதினதால வந்தது! 'வுட்', 'ஷுட்' ரெண்டிலயும் உள்ள எல் நியாயமான எல், 'வில்', 'ஷல்' எண்டதில இருந்து வந்தது, ஒரு காலத்தில அதை வாயால சொன்னவையும். 'குட்' 'கான்' இல இருந்து வந்தது, அதில எல்லுக்கு ஒரு உரித்தும் இல்லை. பக்கத்தில இருந்த ரெண்டையும் பாத்து இதுக்கும் ஒண்டைச் செருகிப்போட்டாங்கள், அது அப்பிடியே அச்சில நிண்டிட்டுது. பரீட்சையில எங்கட பிள்ளையள் பாத்தெழுதினா முட்டை, அவையள் பாத்தெழுதினா அகராதி.

அதோட ஒரு விசயம், 'குட் ஹாவ்' எண்டதைக் கெதியாச் சொல்லேக்க 'குடவ்' எண்டுதான் கேக்கும், இங்கிலாந்தில பிறந்து வளந்ததுகளே அதை 'குட் ஒவ்' எண்டு பிழையா எழுதுறவை. நீங்கள் ஃபேஸ்புக்கில கண்டுபோட்டுச் சரியெண்டு நினைச்சு எழுதாதேங்கோ.

கேள்வி: மகளின்ர பரிசளிப்பு விழாவில ஒரு பிள்ளை மேடையில ஏறி, ரீச்சர்மாரைப் பாத்து "ஐ குடின்ற் ஹாவ் டன் இற் விதவுற் யூ" எண்டு சொல்ல எல்லாரும் கை தட்டினவை. "உங்களால எனக்கு ஏலாமப் போச்சு" எண்டு குற்றம் சொல்லுறாளோ எண்டு நான் முழிச்சுக்கொண்டு இருந்தனான். பக்கத்தில இருந்தவவைக் கேட்டனான், அவவுக்கும் தெரியேல்லை, ஆனா அவவும் கை தட்டினவ.
- ஒரு தாய், உரும்பிராய்

பதில்: நான் நல்லாச் சிரிச்சுப்போட்டன் தங்கச்சி. அந்தப் பிள்ளை நன்றி சொன்னவ. "நீங்கள் இல்லாட்டி என்னால ஏலாமப் போயிருக்கும்", அதாவது நீங்கள் இருந்தனீங்கள், அதால செய்து முடிச்சிட்டன். இதுதான் இந்த வசனத்தின்ர விளையாட்டு, வெளியால பாத்தா 'இல்லை', உள்ளுக்க பாத்தா 'நடந்தது'. மேல கரவெட்டி ஐயாவின்ர மகன் சொன்னதை நேர் எதிரா மறிச்சுப் பிடிச்சுப் பாருங்கோ, 'குட் ஹாவ்' எண்டா நடக்கேல்லை, 'குடின்ற் ஹாவ் ... விதவுற்' எண்டா நடந்திட்டுது.

'குடின்ற் ஹாவ்' இன்னொரு விதமாயும் வரும், அது அடிச்சுச் சொல்லுற ஊகம். வீட்டில மாம்பழம் காணேல்லை, பெரியவனைச் சந்தேகப்படுறியள், ஆனா அவன் காலமையில இருந்து ரியூசனில. "ஹி குடின்ற் ஹாவ் ஈற்றன் இற்", அவன் சாப்பிட்டிருக்க ஏலாது. இந்த வசனம் வந்தா அடுத்ததாச் சின்னவனைப் பாக்க வேணும்.

பக்கத்தில இருந்தவ தெரியாமலே கை தட்டினதுக்கு ஒண்டும் யோசிக்காதேங்கோ. விழாவில நாங்களும் அப்பிடித்தான்.